அம்மாவின் டிரங்குப் பெட்டி: எது அவருடையது, எது அரசுடையது?

தமிழ்நாட்டின் ஒரு நடுத்தர ஊரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுக் கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவருடைய அம்மா 1972-ல் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்தவர். 36 ஆண்டுகளில் ஒன்பது நாடுகளில் வேலை பார்த்து, கடைசி இரண்டில் தூதராக இருந்து, 2008-ல் ஓய்வு பெற்றார். இப்போது வயது 77. கணவர் காலமாகிவிட்டார், மகளோடு இருக்கிறார். நேற்றுச் சாப்பிட்டது மறந்துபோகிறது, ஆனால் முதல் போஸ்டிங்கில் குடியிருந்த வீட்டு மாடிப்படிகளின் எண்ணிக்கை அப்படியே நினைவிருக்கிறது. தன் பணிவாழ்க்கையைத் தமிழில் எழுத வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஒரு டிரங்குப் பெட்டி நிறைய 14 டயரிகள், கடிதக் கட்டுகள், போட்டோக்கள், கார்பன் நகல்கள், விசிட்டிங் கார்டுகள், ஒரு வெள்ளிச் சிமிழ். இவற்றோடு, மேலே 'ரகசியம்' என்று முத்திரை குத்திய ஏழெட்டுத் தாள்களும் இருக்கின்றன.

கனடாவில் இருக்கும் அண்ணன், "பென்ஷன் போய்விடும், எல்லாவற்றையும் எரித்துவிடு" என்கிறார். மனமில்லை என்றால் பெட்டியைத் தானே கனடாவுக்கு எடுத்துப்போய் ஸ்கேன் செய்துவிடுவதாகவும் சொல்கிறார். மாமாவோ, "20 வருஷம் ஆனால் எல்லாமே ஆர்.டி.ஐ.யில் கிடைக்கும், தாராளமாகப் போடலாம்" என்கிறார். ஒரு பதிப்பாளர், ஓர் அமைச்சர் வெளிநாடு வந்தபோது நடந்த சங்கதியை எழுதினால்தான் புத்தகம் போகும் என்று சொல்லியிருக்கிறார். அம்மாவுக்குத் தூதரகப் பாதுகாப்பு இன்னும் இருக்கும், யாரும் கேஸ் போட முடியாது என்பது வாசகியின் நம்பிக்கை. கடிதத்தின் கடைசி வரி இது: "அம்மாவை எழுதச் சொல்லட்டுமா, தடுக்கட்டுமா?"

அன்புள்ள சகோதரிக்கு,

எழுதச் சொல்லுங்கள். இந்த வாரமே ஆரம்பிக்கச் சொல்லுங்கள். சட்டம் உங்கள் அம்மாவின் வாழ்க்கையை அவரிடமிருந்து பறிக்கவில்லை. அரசின் தாள்களை அரசிடமே விட்டுவிடச் சொல்கிறது, அவ்வளவுதான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் ஒருவர் எரிக்கச் சொல்கிறார், இன்னொருவர் எல்லாவற்றையும் அச்சில் ஏற்றச் சொல்கிறார்.

முதலில் உங்கள் நம்பிக்கையைக் கொஞ்சம் திருத்த வேண்டும். தூதரகப் பாதுகாப்பு என்பது 1961-ம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையிலிருந்து வருவது. அது அம்மா வேலை பார்த்த நாட்டின் போலீசும் நீதிமன்றமும் அவரைத் தொடாமல் காத்தது. சொந்த நாட்டின் சட்டத்திலிருந்து அது ஒருநாளும் யாரையும் காத்ததில்லை. அந்தப் பாதுகாப்பு அவருக்குச் சொந்தமானதும் அல்ல. அனுப்பிய அரசுக்குச் சொந்தம், வேண்டாம் என்று அரசு நினைத்தால் விலக்கிக்கொள்ளலாம். பதவிக் காலம் முடிந்து அந்த நாட்டை விட்டுக் கிளம்பியதும் பெரும்பகுதி தீர்ந்துவிடுகிறது. அங்கே அலுவல்ரீதியாகச் செய்த செயல்களுக்கு மட்டும் தொடர்கிறது. ஆகவே இங்கே புத்தகம் போடும்போது அவர் மற்ற எழுத்தாளர்களைப் போலத்தான்.

பென்ஷன் பற்றிய பயம்

அண்ணனின் பயம் காரணமில்லாதது அல்ல. 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் 5-வது பிரிவு பதவியில் இருப்பவர்களோடு பதவியில் இருந்தவர்களையும் சேர்த்தே பேசுகிறது. ரகசிய ஆவணத்தை உரிமையில்லாதவரிடம் கொடுப்பது குற்றம். வைத்திருக்க உரிமை இல்லாதபோது கையில் வைத்திருப்பதும் குற்றம். மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இத்தனை வருடம் ஆனால் விலகிவிடும் என்று அந்தப் பிரிவில் எதுவும் இல்லை. மத்திய அரசின் பென்ஷன் விதிகளிலும், ஓய்வுக்குப் பிறகு கடுமையான தவறான நடத்தை நிரூபணமானால் பென்ஷனை நிறுத்திவைக்கலாம் என்று இருக்கிறது. ரகசிய ஆவணத்தை வெளியிடுவது அந்த வகையில் சேரும்.

ஆனால் புத்தகம் வெளிவந்த மறுநாளே பென்ஷன் நின்றுவிடாது. நோட்டீஸ் கொடுக்க வேண்டும், பதில் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும், முறைப்படி முடிவெடுக்க வேண்டும். அலுவல் ரகசியச் சட்டத்தின் கீழ் வழக்கை எடுத்துக்கொள்ளவும் அரசின் அனுமதியோடு வரும் புகார் வேண்டும். தெருவில் போகிறவர் யாரும் அந்த வழக்கைத் தொடுக்க முடியாது.

அண்ணன் செய்தியில் படித்திருக்கக்கூடிய இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். 2021-ல் பென்ஷன் விதி திருத்தப்பட்டு, ஓய்வுபெற்றவர்கள் முன் அனுமதி இல்லாமல் எழுதக்கூடாது என்று வந்தது. அது தகவல் உரிமைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் உள்ள உளவு, பாதுகாப்பு அமைப்புகளில் வேலை செய்தவர்களுக்கான விதி. வெளியுறவு அமைச்சகம் அந்த அட்டவணையில் இல்லை. அம்மா இடையில் எப்போதாவது அப்படிப்பட்ட ஓர் அமைப்புக்கு டெபுடேஷனில் போயிருந்தால் மட்டும் கதை மாறும். அதை அவரிடம் கேட்டுவிடுங்கள். போயிருந்தால் அந்தக் காலத்தைப் பற்றி ஒரு வரி எழுதுவதற்கும் முன் அனுமதி வேண்டும்.

அந்த ஏழெட்டுத் தாள்கள்

இந்தக் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது புத்தகம் இல்லை, இந்தத் தாள்கள்தான்.

எரிக்க வேண்டாம். அரசு அலுவலகத்தில் உருவான கோப்பும் குறிப்பும் 1993-ம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டத்தின்படி பொது ஆவணம். அதை இஷ்டத்துக்கு அழிப்பதும், அனுமதி இல்லாமல் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோவதும் ஐந்து ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்கு உரிய குற்றங்கள். அண்ணன் நல்லெண்ணத்தோடு சொல்லும் இரண்டு யோசனைகளுமே இந்தச் சட்டத்தில் போய் முட்டுகின்றன. விமான நிலையத்தில் அவருடைய பெட்டியில் 'ரகசியம்' முத்திரையோடு ஒரு தாள் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

போனில் படமெடுக்க வேண்டாம், குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டாம், ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம். நீங்கள் படிக்கவும் வேண்டாம். ரகசியத் தாள் என்று தெரிந்தே வாங்கிக்கொள்பவர் மீதும் அலுவல் ரகசியச் சட்டம் பாயும். அம்மாவே அவற்றை எடுத்து ஓர் உறையில் போட்டு ஒட்டி, குறுக்கே கையெழுத்துப் போட்டு வைக்கட்டும். பிறகு ஒரு வழக்கறிஞரின் உதவியோடு வெளியுறவு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம்: ஓய்வுபெற்ற பின் சொந்தச் சாமான்களுக்கு நடுவே சில அலுவலகத் தாள்கள் இருப்பதைக் கண்டேன், ஒப்படைக்க விரும்புகிறேன், யாரிடம் எப்படி என்று தெரிவியுங்கள். சென்னையில் அமைச்சகத்தின் கிளைச் செயலகம் இருக்கிறது. அங்கே தரலாமா என்றும் கேட்கலாம். ஒப்படைக்கும்போது ரசீது வாங்க மறக்க வேண்டாம். இந்தக் கடிதத்தை நீங்களாக எழுதி அனுப்பிவிடாதீர்கள். வைத்திருந்ததே குற்றம் என்று வாதிக்க இடம் கொடுக்கும் சட்டம் இது, எனவே ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத்தான் எழுத வேண்டும். நாடு நாடாகச் சாமான் கட்டி இறக்கியதில் கலந்துபோன தாள்களைத் தானே முன்வந்து திருப்பித் தரும் 77 வயதுப் பெண்மணி மீது அரசு வழக்குப் போட முனையும் என்று நான் நினைக்கவில்லை. எரித்துவிட்டு மாட்டிக்கொண்டால் அந்த நல்லெண்ணத்தைக் காட்ட வழியே இருக்காது.

முத்திரை இல்லாத கார்பன் நகல்களும் கவனிக்க வேண்டியவையே. அம்மாவே தட்டச்சு செய்த அறிக்கையாக இருந்தாலும், வேலையின் பகுதியாக எழுதியதன் காப்புரிமை அரசுக்குத்தான். அது போக வேண்டிய இடமும் அந்த உறைதான்.

வெள்ளிச் சிமிழுக்கு இரண்டு வரி போதும். வெளிநாட்டுப் பிரமுகர்கள் தந்த பரிசுகளைத் தெரிவித்து, குறிப்பிட்ட மதிப்புக்கு மேற்பட்டவற்றை அரசின் பரிசுப்பொருள் காப்பகமான தோஷாகானாவில் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. கடையில் வாங்கியதா, பரிசா, பரிசு என்றால் தெரிவித்த கடிதம் இருக்கிறதா என்று அம்மாவைக் கேளுங்கள்.

மாமா சொல்வது பாதி சரி

20 ஆண்டு என்ற கணக்கு தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3) பிரிவில் உண்மையிலேயே இருக்கிறது. 20 ஆண்டுகளுக்கு முன் நடந்தவை பற்றிக் கேட்டால், பல விலக்குகள் விலகிவிடும். ஆனால் நாட்டின் பாதுகாப்பு, வெளிநாடுகளோடான உறவு ஆகிய விலக்குகள் 20 ஆண்டு கடந்தும் நிற்கும். ஒரு தூதரின் கோப்பில் இருப்பதெல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான் வரும். அப்புறம், நாம் கேட்டு அரசு கொடுப்பது வேறு, நம் பெட்டியில் இருப்பதை நாமே வெளியிடுவது வேறு. முன்னதற்கு வழி திறந்திருப்பதால் பின்னது சரியாகிவிடாது.

இந்தப் பிரிவை அம்மாவுக்கு உதவும்படி பயன்படுத்த முடியும். ஓர் அத்தியாயத்துக்கு ஒரு ஆவணம் அவசியம் என்று தோன்றினால், 10 ரூபாய் கட்டணத்தோடு அதைக் கேட்டு மனுப் போடுங்கள். கிடைத்தால் அச்சமின்றி மேற்கோள் காட்டலாம். டெல்லியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றப்பட்ட, 30 ஆண்டுகளுக்கு மேற்பட்ட, ரகசிய வகைப்பாடு இல்லாத கோப்புகளை ஆய்வாளர்கள் பார்க்கலாம். அங்கேயும் தேடிப்பாருங்கள்.

எதை எழுதலாம்?

நீங்கள் கடிதத்தில் சொன்ன ஒரு சம்பவத்தையே எடுத்துக்கொள்கிறேன். ஓர் ஆப்பிரிக்க நாட்டில் ராணுவப் புரட்சி நடந்த அன்று, இந்தியக் குடும்பங்கள் சான்சரியில், அதாவது தூதரக அலுவலகக் கூடத்தில், மூன்று நாள் தங்கியிருக்கின்றன. அம்மா வீட்டு ஜன்னல் திரைகளைக் கழற்றிக் கொண்டுவந்து குழந்தைகளுக்குப் போர்த்திவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தத் திரை, அதைப் போர்த்திக்கொண்ட குழந்தை, வெளியே கேட்ட சத்தம், மூன்றாம் நாள் காலையில் கதவைத் திறந்தபோது தெருவில் பார்த்தது, அம்மாவின் பயம் — இவை அனைத்தும் அவருடையவை. அன்றிரவு டெல்லிக்குச் சங்கேத மொழியில் போன சைஃபர் தந்தியின் வாசகம் அரசுடையது. அந்த நாட்டு அதிகாரி ஒருவர் நம்பிக்கையோடு காதில் சொன்ன செய்தியை அலுவலாகத்தான் கேட்டிருக்கிறார். அதையும் தந்தியோடு சேர்த்து வெளியே வையுங்கள். 'நம்பகமான ஒருவர் எச்சரித்தார், நாங்கள் மாலைக்குள் எல்லோரையும் உள்ளே அழைத்துக்கொண்டோம்' என்ற அளவோடு நிறுத்தலாம். வாசிப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. அந்த அதிகாரியின் பிள்ளைகள் இன்றும் அங்கே வாழ்கிறார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

பெட்டியில் இருப்பதாக நீங்கள் போகிறபோக்கில் சொன்ன ஒரு காகிதம், எனக்கு மொத்தப் பெட்டியிலும் முக்கியமாகப் படுகிறது. 1976-ல் அம்மா கல்யாணம் செய்துகொள்ள அரசு கொடுத்த எழுத்துமூல அனுமதி. 'இதுவும் ரகசியமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை. அது அவர் பெயருக்கு, அவருடைய சொந்த வாழ்க்கை பற்றி வந்த கடிதம். புத்தகத்தின் முதல் அத்தியாயத்தை அதிலிருந்தே தொடங்கலாம் என்பேன்.

வெளியுறவுப் பணியின் அன்றைய நடத்தை விதிகளில் 8(2)-ன்படி, வெளியுறவுப் பணியில் உள்ள பெண் திருமணத்துக்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும். திருமணத்துக்குப் பிறகு குடும்பப் பொறுப்புகள் வேலைக்கு இடைஞ்சல் என்று அரசு கருதினால் ராஜினாமா செய்யச் சொல்லலாம். ஆண்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. திருமணமான பெண்ணுக்கு இந்தப் பணியில் நியமனம் பெற உரிமை இல்லை என்றே இன்னொரு விதி இருந்தது. அது 1973-ல்தான் நீக்கப்பட்டது, அதாவது அம்மா சேர்ந்து ஓராண்டு கழித்து. இந்தப் பணியில் சேர்ந்த முதல் பெண்ணான சி.பி. முத்தம்மா, சென்னையில் படித்தவர், பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் போனார். 1979 செப்டம்பரில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடினார். குடும்பப் பொறுப்பு பெண்ணின் வேலைக்குத் தடையாகும் என்றால், ஆணுக்கும் அதே நிலை வரலாமே என்று கேட்டார். அதற்குள் முத்தம்மாவுக்குப் பதவி உயர்வு கொடுத்துவிட்டதால் மனு முடித்துவைக்கப்பட்டது. 8(2)-ஐ நீக்கும் அறிவிப்பு வெளியாகவிருக்கிறது என்று அரசு நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

இந்தத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரியில் படித்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். ஆனால் அந்த விதியின் கீழ் விண்ணப்பம் போட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருந்த ஒரு பெண்ணின் குரலை நான் கேட்டதில்லை. விண்ணப்பத்தில் என்ன எழுதினார், உங்கள் அப்பா என்ன சொன்னார், பதில் வர எத்தனை நாள் ஆயிற்று, தாத்தா பாட்டி முகூர்த்தம் குறித்துவிட்டு டெல்லித் தபாலுக்காகக் காத்திருந்தார்களா — இதையெல்லாம் அம்மா மட்டும்தான் சொல்ல முடியும். எந்த ஆவணக் காப்பகத்திலும் இது கிடைக்காது.

பதிப்பாளர் கேட்கும் அமைச்சர் சங்கதிக்கு வருகிறேன். 1994-ல் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில், ஆட்டோ சங்கரின் வாழ்க்கைக் கதையை வெளியிடுவது பற்றி உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றும் வழிகாட்டி. பொதுப் பதவியில் இருப்பவர்கள் தங்கள் அலுவல் சார்ந்த நடத்தைக்கு அந்தரங்க உரிமை என்று கேடயம் பிடிக்க முடியாது. ஆகவே அமைச்சர் அலுவலாக வந்த இடத்தில் அம்மா தன் கண்ணால் பார்த்ததை எழுதலாம். ஹோட்டல் அறைக் கதவுக்குப் பின்னால் நடந்ததாக யாரோ சொன்னதை எழுதக்கூடாது. குற்றவியல் அவதூறு வழக்கில் உண்மை என்று காட்டுவது மட்டும் போதாது, பொதுநலனுக்காகச் சொன்னதாகவும் காட்ட வேண்டும். ஆள் இறந்துவிட்டார் என்பதும் காப்பாற்றாது. குடும்பத்தாரின் மனத்தைப் புண்படுத்தும் நோக்கம் இருந்தால் அதுவும் அவதூறே. கேஸ் வந்தால் அலையப்போவது அம்மா, பதிப்பாளர் அல்ல. இதை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அவரிடம் நேராகவே சொல்லுங்கள். அந்த ஒப்பந்தத்தில் எத்தனை ஆண்டு, எந்த நாடுகளில், எவ்வளவு ராயல்டி என்பவை எழுத்தில் இருக்க வேண்டும்.

கையெழுத்துப் பிரதியை அமைச்சகத்துக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடலாமே என்று கேட்பீர்கள். வாங்கினால் நிம்மதிதான். ஆனால் பதில் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. அம்மாவிடம் இருக்கும் காலமோ அப்படி நீட்டிக்கொள்ளக்கூடியது அல்ல. முழுப் பிரதியையும் அவரோடு வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவரும் ஒரு வழக்கறிஞரும் படிக்கட்டும். அவர்கள் சந்தேகப்படும் பக்கங்களை மட்டும் அமைச்சகத்துக்கு அனுப்பிவிட்டு, மற்றவற்றை அச்சுக்குக் கொடுக்கலாம் என்பது என் யோசனை.

காலம் இருக்கும்போதே

மறதி பற்றி நீங்கள் எழுதிய இரண்டு வரியை நான் பலமுறை படித்தேன். தினமும் காலையில் அரைமணி நேரம் போதும். போனில் பதிவு செய்யுங்கள். பொதுவாக 'சொல்லும்மா' என்று கேட்காமல் ஒரு பொருளைக் கையில் கொடுத்துக் கேளுங்கள். அந்த விசிட்டிங் கார்டுகளில் சிலவற்றின் கீழ் மூலையில் பென்சிலால் மூன்று சிறிய எழுத்துகள் இருக்கலாம். 'விடைபெறுவதற்காக' என்ற பிரெஞ்சுத் தொடரின் முதலெழுத்துகள் அவை. ஓர் ஊரை விட்டு மாற்றலாகிப் போகும் தூதரக அதிகாரி, பழகியவர்களுக்கெல்லாம் அப்படிக் குறித்த கார்டை அனுப்புவது வழக்கம். அதில் ஒன்றைக் கையில் கொடுத்தால், யார் எந்த ஊரை விட்டுப் போனார்கள் என்று அம்மா ஆரம்பித்துவிடுவார். டயரிகளை நீங்கள் படிப்பதற்கு முன், அம்மாவே ஒருமுறை புரட்டி அலுவலகக் குறிப்பு இருக்கும் பக்கங்களில் அடையாளத் தாள் வைத்துவிடட்டும்.

நீங்கள் கேட்டு எழுதப்போவதால் நூலின் ஆசிரியர் யார், உரிமை யாருக்கு, அண்ணனுக்குப் பங்கு உண்டா என்பதையும் இப்போதே ஒரு பக்கத்தில் எழுதி மூவரும் கையெழுத்திடுங்கள். அம்மா உயிலும் எழுதிவிடட்டும். மருத்துவரிடம் அம்மாவின் மனத்தெளிவு குறித்து அதே வாரத் தேதியிட்ட சான்றிதழ் ஒன்று வாங்கி அதோடு இணையுங்கள். பிற்பாடு யாரும் கேள்வி கேட்காமல் இருக்க உதவும். அச்சேறாத கையெழுத்துப் பிரதியை உயிலில் ஒருவருக்கு எழுதிவைத்தால், வேறு விதமாகச் சொல்லாதவரை அதன் காப்புரிமையும் அவருக்கே போகும். அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான் அது அச்சேறுகிறது என்றால், அச்சேறிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் அந்த உரிமை நீடிக்கும். டயரிகளும் சொந்தக் கடிதங்களும் நாளை பழைய பேப்பர் கடைக்குப் போகாமல் இருக்க, தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ டெல்லி தீன்மூர்த்தி வளாகத்தில் உள்ள பிரதமர்கள் அருங்காட்சியக நூலகத்துக்கோ கொடுப்பதைப் பற்றியும் பேசுங்கள். தனியார் தாள்களை அவர்கள் ஏற்கிறார்கள். இத்தனை ஆண்டு திறக்கக்கூடாது என்று நிபந்தனை வைக்க முடியுமா என்பதைக் கொடுக்கும் முன்பே கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறர் அம்மாவுக்கு எழுதிய கடிதங்கள் காகிதமாக அவருடையவை, வாசகம் எழுதியவருடையது. புத்தகத்தில் முழுதாகப் போட வேண்டுமானால் அவர்களையோ அவர்கள் வாரிசுகளையோ கேட்க வேண்டும்.

உங்கள் ஊரில் வழக்கறிஞரைப் பார்க்கப் போகும்போது அம்மா கைப்பட எழுதிய ஒரு பட்டியலைக் கொண்டுபோங்கள்: எத்தனை தாள், எந்த ஆண்டு, மேலே என்ன முத்திரை. உறையை வீட்டிலேயே பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போங்கள்.